சீனத்தில் ‘இளைஞர்’ என்றால் எந்த வயது? குழந்தை முதல் முதியவர் வரையான சொற்கள்

வடபழனி_மாணவன்
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மாலை வகுப்பில் சீனம் படிக்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. தையல் இயந்திர உதிரி பாகங்களை வரவழைத்து விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சரக்கு அனுப்புகிறவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேச வேண்டும் என்று ஆசை. சீன எழுத்து தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒலியைத் தமிழில் எழுதுகிறேன்.

போன மாதப் பாடம் வாழ்க்கைப் பருவங்கள். யிங்-அர் என்றால் கைக்குழந்தை, அர்-தொங் சிறுபிள்ளை, ஷாவ்-நியென் விடலைப் பையன், ச்சிங்-நியென் இளைஞர், ஜொங்-நியென் நடுவயது, லாவ்-நியென் முதுமை. பக்கத்தில் வயதையும் போட்டு அட்டவணையாக மனப்பாடம் செய்தேன். வீட்டுப்பாடத்தில், எங்களுக்குச் சரக்கு அனுப்பும் பெண்ணைப் பற்றி "அவர் மிகவும் ச்சிங்-நியென்" என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையில் சுழித்து "நியென்-ச்சிங்" என்று திருத்தியிருந்தார். முன்பின் மாறிவிட்டது போல என்று நினைத்து, அடுத்த வாரம் அதே இரண்டு எழுத்தை இடம் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதற்கும் சுழி.

இன்னொன்று. அந்தப் பெண்ணிடமே காணொலி அழைப்பில் "நி ஜி ஸ்வெய்?" என்று வயது கேட்டேன். பாடத்தில் இருந்தது அப்படியேதான். அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கோபப்படவில்லை, ஆனால் எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேற்கேரிக்_கரை
செவ்வாய், இரவு 11.15

சீனாவில் ஹாங்ஜோ நகரத்தில் ஏழு வருடமாக இருக்கிறேன், ஆராய்ச்சிப் படிப்பு. நீங்கள் விழுந்த அதே குழியில் நானும் விழுந்து எழுந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ச்சிங்-நியெனில் வருவது ஒரு ‘ச்சிங்’, நியென்-ச்சிங்கில் வருவது இன்னொரு ‘ச்சிங்’. ஒலி ஒன்று, இரண்டுக்கும் முதல் தொனி (தொனி என்பது சொல்லும்போது குரலின் ஏற்ற இறக்கம்), எழுத்து மட்டும் வேறு. முன்னதற்குப் பொருள் பச்சை. பயிர்ப் பச்சையும் அதுதான், தெளிந்த வானத்து நீலமும் அதுதான், பழைய கவிதைகளில் பெண்ணின் கருங்கூந்தலும் அதுதான். பின்னதற்குப் பொருள் ‘கனமில்லாத’. அந்த எழுத்தைப் பாருங்கள், இடப்பக்கம் ஒரு வண்டி நிற்கும். சுமை ஏறாத வண்டி. ஆண்டுகளின் பாரம் இன்னும் ஏறவில்லை என்று நான் மனதில் பதித்துக்கொண்டேன், அதற்குப் பிறகு தப்பவே இல்லை. ஆண்டு என்னும் ‘நியென்’ எழுத்தும் அழகானது. மிகப் பழைய வடிவத்தில் அது முதுகில் கதிர்க்கட்டு சுமந்த ஒரு ஆள். ஒரு அறுவடை, ஒரு ஆண்டு.

அடுத்தது இலக்கணம். ச்சிங்-நியென் பெயர்ச்சொல். தமிழில் "அவர் மிகவும் இளைஞர்" என்று சொல்வோமா? மாட்டோம். "மிகவும் இளமையானவர்" என்போம். அந்த வேலைக்குத்தான் நியென்-ச்சிங். பேச்சில் இளைஞர்களைச் சொல்ல நியென்-ச்சிங்-ரென் போதும். ச்சிங்-நியெனில் அறிவிப்புப் பலகை வாடை அடிக்கும். செய்தி, அரசு அறிக்கை, சங்கத்தின் பெயர், விருது இங்கெல்லாம் அது வரும். தேநீர்க் கடையில் உட்கார்ந்து "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று பேசும்போது வராது.

வயது கேட்டதற்கு வருகிறேன். ‘ஜி’ என்பது பத்துக்குள் அடங்கும் எண்ணிக்கையைக் கேட்கும் சொல். அதனால் "ஜி ஸ்வெய்" என்பது குழந்தையிடம் குனிந்து கேட்கும் கேள்வி. அவர் சிரித்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சம வயதுக்காரரிடம் "நி துவோ தா?" என்று கேளுங்கள், ‘எவ்வளவு பெரியவர்’ என்று பொருள். பெரியவர்களிடம் நி என்பதை நின் ஆக்கி, "நின் துவோ தா நியென்-ஜி?". எழுபது தாண்டியவர் என்று பார்த்தாலே தெரிந்தால் "நின் காவ்-ஷோவ்?". காவ் உயரம், ஷோவ் ஆயுள். கேள்வியிலேயே வாழ்த்து இருக்கிறது.

பதிலில் ஒரு நல்ல விஷயம், நமக்கு இது சுலபம். "எனக்கு இருபது வயது" என்பதில் வினைச்சொல் இல்லை அல்லவா? அங்கேயும் இல்லை. "வோ அர்-ஷி ஸ்வெய்", நான் இருபது வயது, முடிந்தது. நடுவில் ‘ஆகும்’ என்ற பொருளில் வரும் ‘ஷி’ சேர்க்கத் தேவையில்லை.

பினாங்கு_வீடு
புதன், காலை 7.05

மேற்கேரி அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நான் மலேசியாவில் சீனத் தொடக்கப்பள்ளியில் ஆறு வருடம் படித்த தமிழ்ப் பையன். எங்கள் ஊரில் நாற்பது வயதுக்காரரிடமும் "நி ஜி ஸ்வெய்" என்றுதான் கேட்போம். யாரும் சிரிப்பதில்லை. தைவான்காரர்களும் அப்படியே கேட்கிறார்கள். அதனால் அது தப்பு என்று தம்பி மனதில் எழுதிக்கொள்ள வேண்டாம். பெருநிலச் சீனாவில் குழந்தைத்தனமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பருவப் பெயர்களில் பாதி, ஒருவரைப் பற்றிப் பேசுவதற்கு அல்ல, ஒருவரைக் கூப்பிடுவதற்கு. உங்கள் அட்டவணையில் அது இல்லை. எங்கள் ஆசிரியை வகுப்பு மொத்தத்தையும் "ஷியாவ்-பெங்-யோவ்-மென்" என்றுதான் கூப்பிடுவார். சின்ன நண்பர்களே! முன்பின் தெரியாத குழந்தையை யாரும் "அர்-தொங்" என்று கூப்பிட மாட்டார்கள். அது ‘சிறார்’ என்பது போல எழுத்துச் சொல். வீட்டில் ஹாய்-ட்ஸ, கையில் இருக்கும் குழந்தைக்கு பாவ்-பாவ், தெருவில் ஷியாவ்-பெங்-யோவ்.

இளைஞனைப் பெரியவர்கள் ஷியாவ்-ஹுவோ-ட்ஸ என்பார்கள், நம் ஊர்ப் பெரியவர் "தம்பி" என்பது போல. பெண்ணை கூ-நியாங். எங்கள் பக்கம் பெரியவர்களை அன்-க, அன்-தி என்றே கூப்பிடுவோம். ஆங்கிலத்து அங்கிளும் ஆண்ட்டியும் சீன உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தவை.

மேற்கேரிக்_கரை
புதன், காலை 8.30

ஒப்புக்கொள்கிறேன். ஹாங்ஜோவை வைத்து எல்லா ஊருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அப்படியே இன்னொரு எச்சரிக்கை. ஷியாவ்-ஜியெ என்ற சொல் பாடநூலில் ‘இளம்பெண், செல்வி’ என்று இருக்கும். தைவானிலும் சிங்கப்பூரிலும் மரியாதையான சொல்தான். பெருநிலத்தில் பல இடங்களில் அதற்குக் கொச்சைப் பொருள் ஒட்டிக்கொண்டது. கடையில் இருக்கும் பெண்ணை அப்படிக் கூப்பிடாதீர்கள், மெய்-ந்யூ என்று கூப்பிடுங்கள். நேர்ப்பொருள் அழகி, ஆனால் அங்கே அது வெறும் "ஏங்க" மாதிரி.

வடபழனி_மாணவன்
புதன், மதியம் 1.20

இவ்வளவு இருக்கிறதா! வண்டி எழுத்தை மதிய உணவு நேரத்தில் ரசீதுக்குப் பின்னால் பத்து முறை எழுதிப் பார்த்துவிட்டேன். அப்படியானால் ச்சிங்-நியெனுக்கு வயது வரம்பே கிடையாதா? என் அட்டவணையைக் கிழித்துவிடலாமா?

மேற்கேரிக்_கரை
புதன், இரவு 10.00

கிழிக்க வேண்டாம், ஆனால் ஒரே அட்டவணை என்று நம்ப வேண்டாம். இடத்துக்கு இடம் கோடு மாறும்.

ஜூன் 1 குழந்தைகள் நாள், 14 வயது நிரம்பாதவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை. மே 4 இளைஞர் நாள், 14 வயதுக்கு மேற்பட்ட இளைஞர்களுக்கு அரை நாள். 1919-ல் அந்த நாளில்தான் பெய்ஜிங் மாணவர்கள் தியானன்மென்னில் திரண்டார்கள். சாந்துங் பகுதியில் ஜெர்மனி வைத்திருந்த உரிமைகளை, முதல் உலகப் போருக்குப் பின் நடந்த வெர்சாய் மாநாட்டில் ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற கொதிப்பு. ச்சிங்-நியென் என்ற சொல்லில் இன்றும் அந்தச் சூடு கொஞ்சம் இருக்கிறது. ஆக 14-ல் ஒரு கோடு. மேல் எல்லை? கம்யூனிஸ்ட் இளைஞர் கழகத்தில் 28 வரை. 2017-ல் வந்த இளைஞர் வளர்ச்சித் திட்டத்தில் 35 வரை. சட்டத்திலோ 18 நிரம்பாதவர் எல்லாரும் வெய்-ச்செங்-நியென், முழுவயது ஆகாதவர். ஆகவே 16 வயதுப் பெண் ஒரே நேரத்தில் ‘இளைஞர்’, ‘முழுவயது ஆகாதவர்’ இரண்டும். 60 ஆனால் சட்டப்படி லாவ்-நியென்-ரென்.

ரயிலில் இதைக் கண்ணால் பார்த்தேன். நான் வந்த புதிதில் சிறுவர் பயணச்சீட்டு உயரத்தைப் பொறுத்தது. நிலையத்துச் சுவரில் 1.2 மீட்டரிலும் 1.5 மீட்டரிலும் கோடு. ஒரு அம்மா தன் பையனை அங்கே நிறுத்தி, முழங்காலை மடக்காதே என்று அதட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கோ கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பெருமை, குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றான். 2023 ஜனவரியிலிருந்து அது வயதுக் கணக்காகிவிட்டது. 6 முதல் 14 நிரம்பும் வரை அர்-தொங் சீட்டு.

சொற்களும் காலத்தோடு நகரும். ஷாவ்-நியென் என்றால் இன்று பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளை. பழைய கவிதைகளில் அதே சொல் வாள் ஏந்திய வாலிபன். 1900-ல் சீர்திருத்தச் சிந்தனையாளர் லியாங் ச்சி-ச்சாவ் சீனாவின் எதிர்காலத்தை ஷாவ்-நியெனின் கையில் வைத்து எழுதியபோதும் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்து எழுதவில்லை. அப்புறம் இந்த ‘ஷாவ்’ நான்காம் தொனி. மூன்றாம் தொனியில் சொன்னால் ‘குறைவு’. எழுத்து ஒன்றே, ஆனால் ஒலிப்பு மாறினால் பொருளும் மாறிவிடும்.

கல்யாணம் ஆகாமல் வயது ஏறியவர்களை தா-லிங் ச்சிங்-நியென் என்பார்கள், ‘பெரிய வயது இளைஞர்’. எனக்குப் பிடிக்காத சொல். என் தோழியின் வீட்டில் அது தினமும் சோற்றோடு பரிமாறப்படுகிறது. பிடித்த சொல் ஒன்றும் சொல்கிறேன். எங்கள் துறையில் இளம் விரிவுரையாளர்கள் ச்சிங்-ஜியாவ் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். ‘இளம் ஆசிரியர்’ என்பதன் சுருக்கமும் பச்சைக் குடமிளகாயும் ஒலியில் கிட்டத்தட்ட ஒன்று.

தொனிப்பிழை
புதன், இரவு 10.40

ஒரு சின்னத் திருத்தம். நியென்-ச்சிங்கைப் பச்சை எழுத்தோடு எழுதுவதும் அகராதியில் உண்டு. ஆனால் அது இளம்பருவத்தில் இருப்பவரை மட்டும் குறிக்கும். "அண்ணனைவிட அக்கா இளமையாகத் தெரிகிறார்" என்று ஐம்பது வயதுக்காரரைச் சொல்ல வண்டி எழுத்துதான் வேண்டும். வகுப்பில் வண்டியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி
வியாழன், அதிகாலை 4.10

சிங்கப்பூரில் செவிலியாக இருக்கிறேன், முதியோர் பிரிவு. இப்போதுதான் வார்டு அமைதியானது, அதனால் எழுதுகிறேன்.

வயது கேட்பது எங்களுக்குத் தினசரி வேலை. சேர்ந்த புதிதில் ஒரு பாட்டியிடம் கேட்டேன், 81 என்றார். அடையாள அட்டையில் 79. அடுத்த நாள் கேட்டேன், மறுபடி 81. நினைவு தடுமாறுகிறதோ என்று குறிப்பெழுதப் போனேன். கூட இருந்த மூத்த செவிலி தடுத்தார். "ஷூ-ஸ்வெய் சொல்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார்." பிறந்த அன்றே ஒரு வயது, அப்புறம் ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஒன்று கூடும். புத்தாண்டுக்கு முதல் நாள் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது! அட்டையில் இருக்கும் வயது ஜோவ்-ஸ்வெய். இரண்டுக்கும் ஒன்றோ இரண்டோ வித்தியாசம் வரும். இது தெரியாமல் முதியவர்களிடம் வேலை செய்யக் கூடாது என்று அன்று உறைத்தது. ஒரு நல்ல மனுஷியின் தெளிந்த புத்தியைக் காகிதத்தில் குறைத்து எழுதப் பார்த்தேன்.

இன்னொன்று, 73-ஐயும் 84-ஐயும் சிலர் வாயால் சொல்ல மாட்டார்கள். கன்பூசியஸ் 73-ல் இறந்தார், அவர் வழிவந்த அறிஞர் மென்சியஸ் 84-ல் என்று கணக்கு. "எழுபத்து மூன்று, எண்பத்து நான்கு, யென்-வாங் கூப்பிடாவிட்டாலும் தானே போவார்கள்" என்று பழமொழி. இந்த யென்-வாங் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன நம் யமன்தான். அதனால் 84 வயதுத் தாத்தா 85 என்று சொன்னால் நான் அட்டையைப் பார்த்துப் பேசாமல் எழுதிக்கொள்வேன்.

முதியோருக்கு இங்கே ல-லிங் என்று ஒரு சொல் உண்டு. ‘மகிழ்ச்சி வயது’. லாவ் என்ற எழுத்தே வராமல் முதுமையைச் சொல்லிவிடுகிறார்கள். சில பெரியவர்களுக்கு அது பிடிக்கும். வேறு சிலர், நான் கிழவன்தான், லாவ்-ரென் என்றே சொல் என்பார்கள். கேட்டுவிட்டுக் கூப்பிடுவேன்.

பிரசவப் பிரிவில் இருந்தபோது கற்ற சொல் ஒன்று: ட்ஸுவோ யுவெ-ட்ஸ, ‘மாதம் உட்காருதல்’. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல், காற்று படாமல் இருப்பது. இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுச் சமைத்த கோழி வரும். பார்த்ததும் என் ஆத்தா ஞாபகம் வந்தது. "பச்சை உடம்புக்காரி, ஈரத்தில் நிற்காதே" என்பார். சீனப் பச்சை இளைஞருக்கு, நம் பச்சை பச்சிளம் குழந்தைக்கும் அதைப் பெற்றவளுக்கும். அந்த ஒரு மாதம் முடிவதுதான் மான்-யுவெ, அன்றைக்கு விருந்து, சிவப்புச் சாயம் பூசிய முட்டை கொடுப்பார்கள்.

ஓய்ந்த_வாத்தியார்
வியாழன், காலை 9.00

முப்பது வருடம் தமிழ் கற்பித்தவன், சீனத்தை மொழிபெயர்ப்பில் மட்டும் அறிந்தவன். ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கன்பூசியஸின் பேச்சுகளைத் தொகுத்த லுன்-யூவில் அவர் தன் வாழ்க்கையைப் பத்துப் பத்து வருடமாகச் சொல்கிறார். பதினைந்தில் கல்வியில் மனம் வைத்தேன், முப்பதில் நிலைபெற்றேன், நாற்பதில் ஐயம் தீர்ந்தது, ஐம்பதில் வானத்தின் ஆணை புரிந்தது, அறுபதில் எதைக் கேட்டாலும் காது இணங்கியது, எழுபதில் மனம் போனபடி நடந்தும் நெறி பிறழவில்லை. இந்த வரிகளே வயதின் பெயர்களாகிவிட்டன. முப்பது அர்-லி, நாற்பது பு-ஹுவோ. எழுபதுக்கு கு-ஷி என்றும் பெயர் உண்டு, எழுபது வரை வாழ்பவர் பண்டுதொட்டே அரிது என்று கவிஞர் தூ ஃபூ பாடிய வரியிலிருந்து வந்தது. அறுபதுக்கு ஹுவா-ஜியா. அது அறுபதாண்டுச் சுழற்சி ஒரு சுற்று முடிந்ததைச் சொல்லும் பெயர். பிரபவ முதல் அட்சய வரை நாம் எண்ணுவதும் அறுபதுதானே. அறுபதாம் கல்யாணம் என்பதை ஒரு சீனருக்கு விளக்க நேரமே ஆகாது.

எண்பத்தெட்டுக்கு மி-ஷோவ், அரிசி ஆயுள். அரிசி என்னும் எழுத்தைப் பிரித்தால் எட்டு, பத்து, எட்டு.

நம்மிடம் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு உண்டு. ஐந்தில் தொடங்கி நாற்பதில் நின்றுவிடும், அதுவும் பெண்ணுக்கு மட்டும், பார்ப்பவன் கண்ணிலிருந்து. கன்பூசியஸ் வரிசையோ வாழ்ந்தவர் தானே திரும்பிப் பார்த்துச் சொன்னது. முதுமைக்கு அதில் மரியாதையான இடம் இருக்கிறது. இந்த விஷயத்தில் சீன வரிசைதான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

மேற்கேரிக்_கரை
வியாழன், மதியம் 12.30

ஐயா, படிக்க மிகவும் நிறைவாக இருந்தது. ஆனால் எட்டு மாத மாணவருக்கு இவற்றை இப்போது மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். காதில் விழுந்தால் புரிந்தால் போதும். "நான் பு-ஹுவோ வயதை எட்டிவிட்டேன்" என்று விருந்தில் ஒருவர் சொல்லுவார், அப்போது நாற்பது என்று தெரிய வேண்டும். தானாகச் சொல்ல முதலில் வேண்டியது வேறு. ஒவ்வொரு சொல்லையும் யார் வாயிலிருந்து, யாரை நோக்கி வருகிறது என்று ஒரு வாக்கியமாக எழுதி வையுங்கள். "பாட்டி பக்கத்து வீட்டுப் பையனிடம்: ஷியாவ்-ஹுவோ-ட்ஸ, இதைத் தூக்கிக் கொடு." "செய்தி வாசிப்பவர்: இந்த ஆண்டின் சிறந்த ச்சிங்-நியென்." வயது எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஓய்ந்த_வாத்தியார்
வியாழன், மதியம் 1.10

மறுக்கிறேன் அம்மா. பிள்ளைகள் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த ஆத்திசூடி பின்னால் எத்தனை இடத்தில் கைகொடுத்தது என்று நான் கண்டிருக்கிறேன். ஆறு வரிதான், சீன ஒலியிலேயே நெட்டுருப் போடட்டும். ஆனால் உங்கள் வாக்கிய முறையும் நல்ல முறை, அதை ஏற்கிறேன்.

பினாங்கு_வீடு
வியாழன், மாலை 6.45

லாவ் பற்றி யாரும் எழுதவில்லையே. லாவ் எப்போதும் கிழம் இல்லை. லாவ்-ஷி ஆசிரியர், இருபத்து மூன்று வயதானாலும் லாவ்-ஷிதான். லாவ்-பான் முதலாளி. லாவ்-ஹு புலி, குட்டியானாலும். குடும்பப் பெயருக்கு முன் வந்தால் பழகிய தோழமை, லாவ் வாங். சின்னவராக இருந்தால் ஷியாவ் வாங். அதே லாவ் பெயருக்குப் பின்னால் போய் வாங் லாவ் என்றானால் பெரிய மதிப்பு, துறையில் மூத்த அறிஞருக்கு மட்டும். இடம் மாறினால் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

வடபழனி_மாணவன்
ஞாயிறு, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றி. அட்டவணையைக் கிழிக்கவில்லை. பின்பக்கத்தில் வாக்கியங்கள் எழுத ஆரம்பித்தேன், இருபத்தாறு ஆகிவிட்டது. வாத்தியார் ஐயா, ஆறு வரியில் மூன்று பாடமாகிவிட்டது.

இன்று அந்தப் பெண்ணோடு சரக்கு விஷயமாகக் காணொலி அழைப்பு. அவர் வீட்டிலிருந்து பேசினார். பின்னால் அவருடைய பாட்டி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் துணிந்து, "நைநை, நின் காவ்-ஷோவ்?" என்று கேட்டேன். பாட்டி காது கொடுத்து, இன்னொரு முறை கேட்கச் சொன்னார். கேட்டேன். உரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் விரித்துக் கேமராவுக்கு முன்னால் காட்டினார். மறுபடியும் அதையே காட்டினார். எனக்குப் புரியவில்லை. அந்தச் சைகை எட்டு என்று பேத்தி சொன்னார். எட்டு, எட்டு. உடனே "மி-ஷோவ்!" என்றேன். பேத்தி திரும்பிப் பாட்டியிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். பாட்டி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, நீளமாக ஒன்று பேசினார். எனக்குப் பிடிபட்டது கடைசியில் வந்த "ஷியாவ்-ஹுவோ-ட்ஸ" மட்டும்.

இரவுப்பணி அக்காவுக்காக அட்டையில் என்ன வயது என்றும் கேட்டுவிட்டேன். எண்பத்தாறாம்.